மரத்துக்குள் கேட்கும் சத்தம்: பீசோ தட்டும் சிப்புக்குள் இருக்கும் பெருக்கியும்



நமது மாலை நேர மின்னணு வகுப்பில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். "பல்பு எரியவிட்டுப் பார்ப்பதற்கா இத்தனை நாள்?" என்று ஒரு தாயார் நேரிலேயே கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அதனால் இந்த இதழில் ஒரு பாடத்தை முழுமையாகத் தருகிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் இது புரியும். புரியாத இடத்தை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள்.

பாடம் தொடங்கியது வகுப்பறையில் அல்ல, தோப்பில். அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கும் வக்ஃபு தென்னந்தோப்பின் குத்தகைப் பணம் எதற்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆதரவற்ற பெண்களின் மாத உதவியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் வருகின்றன. அந்தத் தோப்பில் பத்து வயது மரம் ஒன்று, பார்க்கப் பச்சையாக நின்றுகொண்டிருந்தபோதே ஒரு நாள் கொண்டையோடு சாய்ந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே நார்க்கூழ்தான் மிச்சம். வெள்ளைப் புழுக்கள் விரல் தடிமனில் நெளிந்தன.

நெட்டை ரகத் தென்னை 60 ஆண்டுக்கு மேல் காய்க்கும். பத்து வயதில் போனால் ஐம்பது ஆண்டுக் காய்ப்பு போகிறது. ஆண்டுக்கு 80 காய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 4,000 காய். நம் கையில் அமானிதமாக இருக்கும் சொத்தில் இது சிறிய இழப்பு அல்ல.

எதிரி யார்?

சிவப்புக் கூன்வண்டு. இதன் பிறப்பிடம் தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும்தான். தென்னையில் ஏதாவது காயம் இருந்தால் தாய் வண்டு அங்கே முட்டையிடும். மட்டை வெட்டிய இடம், காண்டாமிருக வண்டு துளைத்த இடம், மண்வெட்டி பட்ட இடம் எல்லாமே அதற்கு வாசல்கள். முட்டையிலிருந்து வரும் காலில்லாத புழு தண்டுக்குள் புகுந்து ஒன்று முதல் மூன்று மாதம் வரை தின்றுகொண்டே இருக்கும். பிறகு நாரைச் சுற்றிக் கூடு கட்டி அதற்குள் கூட்டுப்புழுவாகும். ஐந்து வயது முதல் இருபது வயது வரையிலான மரங்களைத்தான் இது அதிகம் தாக்குகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். அங்குள்ள பேரீச்சைத் தோட்டங்களையும் 1980களின் நடுவிலிருந்து இதே வண்டு அழித்து வருகிறது. பிறகு மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பரவியது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017 மார்ச்சில் ரோம் நகரில் இந்த ஒரு வண்டுக்காகவே பன்னாட்டுக் கூட்டம் நடத்தியது.

இதில் பெரிய சிக்கல், அடையாளம் வெளியே தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. தண்டில் துளை, அதிலிருந்து வடியும் பழுப்பு நிறச் சாறு, வெளியே தள்ளப்பட்ட நார், மஞ்சளாகும் நடுமட்டை ஆகியவற்றை நாம் பார்ப்பதற்குள் புழு பாதி வேலையை முடித்திருக்கும். ஆனால் ஒன்றை அதனால் மறைக்க முடியாது. அது தின்னும்போது நார் அறுபடும் சத்தம் வரும். முற்றிய தாக்குதல் என்றால் தண்டில் காதை வைத்தாலே சிலருக்குக் கேட்கும். ஆரம்பத்தில் கேட்க வேண்டுமானால் காதுக்குத் துணை வேண்டும்.

இலங்கையில் லுணுவிலவில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் இதற்காகவே கையடக்கக் கருவி ஒன்றை உருவாக்கி, 2010இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மரத்துக்குள் எழும் ஒலியைப் பிடித்து, பெருக்கி, கூன்வண்டு தாக்கிய தென்னையைக் கண்டுபிடிப்பதே அதன் வேலை. சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2020இல் கண்ணாடி இழைக் கேபிளை மரங்களில் சுற்றி இதே சத்தத்தைப் பிடித்துக் காட்டினார்கள். நம்மிடம் அந்த வசதி கிடையாது. பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பித்தளைத் தட்டு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

பீசோ தட்டு என்பது என்ன?

சமையலறையில் காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரைச் சொடுக்கிப் பாருங்கள். பேட்டரி கிடையாது, ஆனாலும் பொறி வருகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் துண்டின் மேல் ஒரு சிறு சுத்தியல் அடிக்கிறது. அடிபட்ட பீங்கானில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டாகிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் பிரான்சில் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். பீசோ என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் அழுத்துதல் என்று பொருள்.

நாம் பயன்படுத்துவது 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைத் தட்டு. அதன் நடுவில் மெல்லிய பீங்கான் படலம் ஒட்டியிருக்கும். பஸ்ஸர்களுக்குள் இருப்பது இதேதான். மின்சாரம் கொடுத்தால் தட்டு அதிர்ந்து சத்தம் போடும். தட்டை அதிரவிட்டால் மின்சாரம் கொடுக்கும். காற்றில் வரும் பேச்சை இது சரியாகக் கேட்காது. எதன் மேல் ஒட்டியிருக்கிறதோ அதன் அதிர்வைக் கேட்கும். மரத்தைக் கேட்க இதைவிடப் பொருத்தமான காது இல்லை. பக்கத்தில் நாம் பேசினால் அது அதிகம் குறுக்கிடாது.

பாடம் படிப்பவர் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. பீசோ தட்டு பேட்டரியைப் போல நடந்துகொள்ளாது, மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். 27 மி.மீ. தட்டின் மின்தேக்குதிறன் ஏறக்குறைய 20 நானோஃபாரட். அதிர்வு வரும்போது அதில் சிறிது மின்னூட்டம் சேரும், அவ்வளவுதான்.

மடையும் தொட்டியும்

பாளையங்கால்வாயில் மடை பார்த்திருப்பீர்கள். ஒரு தொட்டியில் தண்ணீர் வந்து விழுகிறது, அடியில் ஒரு மடை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மெதுவாக வந்தால் மடை வழியே ஓடிவிடும், மட்டம் உயராது. திடீரென்று வந்தால் ஓடுவதற்குள் மட்டம் உயர்ந்துவிடும்.

பீசோ தட்டு அந்தத் தொட்டி. அதன் இரு முனைகளுக்கு நடுவே போடும் மின்தடை அந்த மடை. மின்தடை குறைவு என்றால் மடை அகலம். மெதுவான அதிர்வுகள் வடிந்து போகும், வேகமானவை மட்டும் நிற்கும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே வடிகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: 1-ஐ, 2 × 3.14 × மின்தடை × மின்தேக்குதிறன் என்பதால் வகுக்க வேண்டும்.

20 நானோஃபாரட் தட்டுக்கு:

1 மெகா ஓம் போட்டால் எல்லை ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ்.
22 கிலோ ஓம் போட்டால் ஏறத்தாழ 360 ஹெர்ட்ஸ்.

பீசோவுக்கு எப்போதும் மெகா ஓம் அளவில்தான் போட வேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இசைக்கருவியில் ஒட்டினால் அது சரி, அடித்தொனியும் வேண்டும் அல்லவா? நமக்கு வேண்டியது வேறு. காற்றில் மரம் அசைவது, ரோட்டில் லாரி போவது, மோட்டார் உறுமுவது எல்லாம் தாழ்ந்த அதிர்வெண்கள். புழு நாரை அறுக்கும் சத்தமோ சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும் குட்டிக் குட்டி வெடிப்புகள். அதனால் நமக்கு 22 கிலோ ஓம் போதும். ஒரு ரூபாய் மின்தடை காற்றின் சத்தத்தில் பெரும்பகுதியை வடித்துவிடுகிறது.

ஏன் பெருக்க வேண்டும்?

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய சிறு கணினி. அது வோல்டேஜை அளந்து எண்ணாக மாற்றும். 5 வோல்ட்டை 10 பிட்டில் அளந்தால் 1,024 படிகள் கிடைக்கும். ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். புழுவின் சத்தம் பீசோவில் 1 மில்லிவோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால் அது ஒரு படிகூட ஏறாது. துணிக்கடை அளவுகோலால் தலைமுடியின் தடிமனை அளப்பது போலத்தான்.

அதையே 101 மடங்கு பெருக்கினால் 101 மில்லிவோல்ட். அதாவது 20 படி. 14 பிட்டில் அளந்தால் 330 படிக்கு மேல். இப்போது அளக்கலாம்.

பெருக்குவதற்கு ஆப்-ஆம்ப், அதாவது செயல்பாட்டுப் பெருக்கி வேண்டும். நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில் 741 என்ற எட்டுக்கால் ஐ.சி.தான் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆப்-ஆம்ப். 1968இல் வந்த சிப் அது. ஆய்வகத்தில் அதற்கு மேல் 12 வோல்ட், கீழ் 12 வோல்ட் என்று இரண்டு சப்ளை கொடுப்போம். இப்போது பல மைக்ரோகண்ட்ரோலர்களின் உள்ளேயே ஆப்-ஆம்ப் இருக்கிறது. தனி ஐ.சி. வேண்டாம், தனி சப்ளை வேண்டாம். கம்பிகள் குறைவதால் வெளி இரைச்சல் புகும் வழியும் குறைகிறது.

பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய சில சிப்புகள்:

1. ஆர்டுயினோ ஊனோ ஆர்4 மினிமா. 2023இல் வந்தது. இதிலுள்ள ரெனசாஸ் ஆர்.ஏ.4எம்1 சிப்பின் ஓர் ஆப்-ஆம்ப் ஏ1, ஏ2, ஏ3 கால்களில் நமக்குக் கிடைக்கிறது. 14 பிட் வரை அளக்கும்.
2. எஸ்.டி.எம்.32 ஜி4 வகை. பெருக்கத்தை 2, 4, 8, 16, 32, 64 என்று நிரலிலேயே தேர்ந்தெடுக்கலாம். மின்தடைகள் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன.
3. ஏ.வி.ஆர். டி.பி. வகை. 28 கால் உள்ள பெரிய சிப்பாகவும் கிடைப்பதால் பிரெட்போர்டில் நேராகக் குத்தலாம்.
4. எம்.எஸ்.பி.430 எஃப்.ஆர்.2355. நான்கு ஆப்-ஆம்ப் உள்ளது.
5. சி.எச்.32வி003. மிக மலிவான சிப். ஓர் ஆப்-ஆம்ப் உண்டு, மின்தடைகளை நாம்தான் வெளியே போட வேண்டும்.

வகுப்பில் நாம் முதலாவதை எடுத்துக்கொண்டோம். மின்தடைகளை வெளியே போடுவதால் பெருக்கம் எப்படி வருகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடிகிறது.

ஆப்-ஆம்ப் எப்படி வேலை செய்கிறது?

அதற்கு இரண்டு நுழைவுகள் உண்டு, கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி வெளியே தள்ளும். அப்படியே விட்டால் கட்டுக்கடங்காது. அதனால் வெளியீட்டில் ஒரு சிறு பங்கை எடுத்துக் கழித்தல் நுழைவுக்குத் திருப்பி அனுப்புகிறோம். இரண்டு நுழைவும் சமமாகும் வரை ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும்.

வெளியீட்டிலிருந்து கழித்தல் காலுக்கு 100 கிலோ ஓம், கழித்தல் காலிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம் போட்டால் வெளியீட்டில் 101இல் ஒரு பங்குதான் திரும்பி வரும். அந்த ஒரு பங்கு நுழைவுக்குச் சமமாக வேண்டுமானால் வெளியீடு 101 மடங்காக இருந்தாக வேண்டும். பெருக்கம் = 1 + (100 ÷ 1) = 101. சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், இந்தக் காரணத்தை நினைவில் வைத்தால் போதும்.

ஒரு வரம்பும் உண்டு. பெருக்கம் கூடினால் வேகம் குறையும். ஓர் ஆப்-ஆம்ப் 10 இலட்சம் ஹெர்ட்ஸ் வரை 1 மடங்கு தருமானால், 100 மடங்கு பெருக்கும்போது 10,000 ஹெர்ட்ஸ் வரைதான் தரும். நமக்கு அது போதும். ஆனால் ஆர்4 பலகையின் ஆப்-ஆம்பில் மின்சிக்கன முறை, அதிவேக முறை என்று இரண்டு இருக்கின்றன. மின்சிக்கன முறையில் விட்டால் 101 மடங்கு பெருக்கத்தில் புழுவின் சத்தம் வராது. நிரலில் அதிவேக முறையைக் குறிப்பிட வேண்டும்.

ஊஞ்சலை நடுவில் கட்டுதல்

பீசோவின் அலை சுழிக்கு மேலும் கீழும் ஆடும். சிப்புக்குத் தெரிந்தது 0 முதல் 5 வோல்ட் வரைதான். சுழிக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. ஊஞ்சலைத் தரையோடு தரையாகக் கட்டினால் ஆட முடியுமா? நடு உயரத்தில் கட்ட வேண்டும். அதனால் அலையை 2.5 வோல்ட்டில் தூக்கி நிறுத்துகிறோம். இந்த ஆப்-ஆம்பின் நுழைவு 0, 5 என்ற இரு விளிம்புகள் வரை சரியாக வேலை செய்யாது என்பதாலும் நடுவில் நிற்பதே நல்லது.

சுற்றை அமைக்கும் முறை

1. 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளை வரிசையாகப் போடவும். நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து தரைக்கு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி.
2. பீசோவின் பித்தளைப் பக்கத்தை அந்த நடுப்புள்ளியில் சேர்க்கவும். பீசோவுக்குக் குறுக்கே 22 கிலோ ஓம்.
3. பீசோவின் பீங்கான் பக்கத்திலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஏ1 காலுக்கு. ஏ1 காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 1என்4148 டையோடு, தரையிலிருந்து ஏ1 காலுக்கு இன்னொன்று. இரண்டிலும் கோடு போட்ட முனை 5 வோல்ட் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும்.
4. ஏ3 காலிலிருந்து ஏ2 காலுக்கு 100 கிலோ ஓம். அதன் குறுக்கே 330 பிக்கோஃபாரட்.
5. ஏ2 காலிலிருந்து 1 கிலோ ஓம், அதைத் தொடர்ந்து 10 மைக்ரோஃபாரட், பிறகு தரை. மின்தேக்கியின் கழித்தல் முனை தரைப் பக்கம்.
6. ஏ3 காலிலிருந்து ஏ4 காலுக்கு ஒரு கம்பி. அளப்பது ஏ4இல்.

ஐந்தாவதில் மின்தேக்கி எதற்கு? அது இல்லாவிட்டால் நாம் நிறுத்தி வைத்த 2.5 வோல்ட்டும் 101 மடங்காகப் பார்க்கும், வெளியீடு உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும். மின்தேக்கி நிலையான வோல்டேஜுக்கு வழிவிடாது, அதிர்வுக்கு மட்டும் வழிவிடும். அதனால் 2.5 அப்படியே 2.5 ஆக நிற்கும், அதிர்வு மட்டும் பெருகும்.

நான்காவதில் உள்ள 330 பிக்கோஃபாரட், ஏறக்குறைய 4,800 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவற்றைத் தணிக்கிறது. நாம் வினாடிக்கு 10,000 முறை அளக்கிறோம். அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் உள்ளே வந்தால் வேறொரு சத்தம் போல வேடம் போட்டுக் குழப்பும்.

மூன்றாவதை ஏன் விடக்கூடாது என்பதற்கு எங்கள் அனுபவமே சாட்சி. முதல் நாள் அவசரத்தில் டையோடுகளைப் போடவில்லை. பீசோ தட்டு நேராக ஏ1இல். ஒரு பையன் ஆர்வத்தில் ஸ்கேலால் தட்டின் மேல் ஓங்கி அடித்தான். "மாமா, போர்டு பேச மாட்டேங்குது" என்று முகம் வாடி நின்றான். லைட்டரில் பொறி வரவழைக்கும் அதே பொருள்தானே? ஓங்கி அடித்தால் பல பத்து வோல்ட் தரும். இரண்டாயிரம் ரூபாய் அளவிலான பலகையின் கால் ஒன்று செத்துப்போனது. அவனைத் திட்டவில்லை. இரண்டு ரூபாய் டையோடை விட்டது ஆசிரியரின் தவறு.

தோப்பில் கற்றவை

மேசையில் வேலை செய்தது தோப்பில் வேலை செய்யவில்லை. ஹெட்போனில் ஒரே உறுமல். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அரை மீட்டர் சாதாரண வயர் வழியே நுழைந்துவிட்டன. ஷீல்டு வயர் போட்டு, அதன் உறையைப் பித்தளைப் பக்கத்தோடு சேர்த்து, சார்ஜருக்குப் பதிலாகப் பவர் பேங்க் வைத்த பிறகுதான் அமைதி வந்தது.

அடுத்த கேள்வி, தட்டை எப்படி மரத்தில் பொருத்துவது? ஆணி அடித்து அதன் தலையில் ஒட்டினால் சத்தம் நன்றாக வரும் என்று ஒரு மாணவி சொன்னாள். அறிவியல்படி அவள் சொன்னது சரி. ஆனால் காயம்தான் வண்டுக்கு வாசல் என்று மேலே பார்த்தோம். நோயைத் தேடப்போய் நோயை அழைத்துவரக் கூடாது. அதனால் கொஞ்சம் கிரீஸ் தடவி, தட்டை மரத்தின் வழவழப்பான இடத்தில் வைத்து, அதன் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினோம். மட்டை வெட்டும்போதும் தண்டோடு ஒட்ட வெட்டாமல் 120 செ.மீ. அடிமட்டையை விட்டு வெட்ட வேண்டும் என்பதை அன்றே தோப்பிலும் சொல்லிவைத்தோம்.

ஏற்கெனவே சாறு வடிந்த, போகப்போகிறது என்று தெரிந்த மரம் ஒன்றில் முதலில் கேட்டோம். காய்ந்த கோரையை ஒவ்வொன்றாக ஒடிப்பது போல விட்டுவிட்டு ஒரு சத்தம். ஹெட்போன் கை மாறிக்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை.

பிறகு ஒவ்வொரு மரமாகப் போனோம். வெளியே எந்த அடையாளமும் இல்லாத ஒரு மரத்தில் அதே போன்ற சத்தம். "ஐயா, இது நல்லாத்தான நிக்கி?" என்றார் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். பிள்ளைகளோ உடனே மருந்து வைக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் இரவு மறுபடி கேட்டோம், சத்தம் இல்லை. அடுத்த பகலில் கேட்டோம், இருந்தது. டார்ச் அடித்து மேலிருந்து கீழ் வரை பார்த்தபோது அடிமட்டைக்குள் எறும்புக் கூட்டம். மருந்துக்காக மரத்தைத் துளைத்திருந்தால் நல்ல மரத்துக்கு நாமே காயம் செய்திருப்போம்.

அந்தத் தவறிலிருந்து வகுத்துக்கொண்ட விதிகள் இவை:

- காற்று அடங்கிய பின்னிரவில் கேட்க வேண்டும். ஒரு மரத்துக்கு ஐந்து நிமிடம்.
- அதே தோப்பில் நல்ல மரம் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். அதன் சராசரி இரைச்சலைப் போல ஐந்து மடங்குக்கு மேல் எழும் துடிப்பை மட்டும் நிரல் எண்ண வேண்டும். ஒரு துடிப்பு வந்தால் அடுத்த 20 மில்லிவினாடிக்கு எண்ணக் கூடாது, இல்லாவிட்டால் ஒரே கடியை இரண்டு முறை எண்ணும்.
- ஒரு நாள் கேட்டதை நம்பக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து கேட்டால்தான் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.
- சத்தம் இல்லை என்பதால் மரம் நலம் என்று எழுதிவிடக் கூடாது. முட்டையும் கூட்டுப்புழுவும் தின்னாது, அவை இருந்தாலும் மரம் அமைதியாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும்.
- மருந்து வைப்பதையும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதையும் வேளாண்மைத் துறை அலுவலர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். கருவி சந்தேகத்தைக் காட்டும், தீர்ப்புச் சொல்லாது.

கருவியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். சிப்புக்குள் இருக்கும் ஆப்-ஆம்ப், ஒலிக்கென்றே செய்த தனி ஐ.சி. அளவுக்கு இரைச்சல் குறைந்தது அல்ல. தென்னையின் நார்த்தண்டு சத்தத்தை விழுங்கிக்கொள்ளும், தட்டு வைத்த இடத்திலிருந்து தள்ளி உச்சியில் இருக்கும் புழுவைக் கேட்காமல் போகலாம். ஆனாலும் இளமரங்களில் தாக்குதல் பெரும்பாலும் கைக்கு எட்டும் உயரத்தில் தண்டில்தான் இருக்கிறது. நாம் காப்பாற்ற நினைப்பதும் அவற்றைத்தான்.

வீட்டில் செய்ய மூன்று கணக்குகள்

1. 20 நானோஃபாரட் பீசோவுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் போட்டால் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே வடியும்?
2. 100 கிலோ ஓமுக்குப் பதில் 47 கிலோ ஓம் போட்டால் பெருக்கம் என்ன? 2 மில்லிவோல்ட் எவ்வளவாகும்?
3. 101 மடங்கு பெருக்கத்தில், 2.5 வோல்ட்டில் நிற்கும் அலை விளிம்பில் முட்டாமல் இருக்க பீசோ அதிகபட்சம் எவ்வளவு தரலாம்?

விடைகள்: ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ், 48 மடங்கு, 96 மில்லிவோல்ட், ஏறத்தாழ 25 மில்லிவோல்ட்.

மூன்றாம் விடையைக் கவனியுங்கள். விரலால் தட்டிப் பார்த்தாலே 25 மில்லிவோல்ட்டைத் தாண்டிவிடும், அலை முட்டி நிற்கும். ஆகவே சோதனை செய்யும்போது 100 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம் போட்டு 11 மடங்கில் தொடங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பிறகு ஏற்றுங்கள்.

அந்தத் தாயாருக்கு இதுதான் என் பதில். உங்கள் பிள்ளைகள் பல்பு எரியவிட்டுத்தான் தொடங்கினார்கள். இப்போது மாதம் இரண்டு இரவு பெரியவர்களோடு தோப்புக்குப் போய், ஒவ்வொரு மரத்தின் எண்ணுக்கும் எதிரே அது என்ன சொன்னது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சொந்தத் தோப்பு வைத்திருப்பவர்கள் கேட்டால் கருவியோடு வந்து கேட்டுக் காட்ட அவர்கள் தயார். முன்கூட்டி அலுவலகத்தில் சொல்லுங்கள். அன்றிரவு மட்டும் மோட்டாரை நிறுத்தி வையுங்கள்.